இருபத்துமூன்று கவுன்களும் ஒரு சாண் துணியும்

கப்பல் கிளம்பிய கால் மணி நேரத்தில் உபதேசியார் படுத்துவிட்டார். ஆண் துணையில்லாமல் ஒரு பெண்ணைக் கடல் தாண்டி அனுப்பக் கூடாது என்று எங்கள் சபைக் கமிட்டி கூடிப் பேசி, தீர்மானம் போட்டு, என்னோடு அனுப்பி வைத்த துணை அவர். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. முப்பது வருஷமாகத் தையல் டீச்சர். துணைக்கு வந்தவருக்கு எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே நான் இலங்கை போய்ச் சேர்ந்தேன்.

"டீச்சர், வேதத்துல யோனா தன்னைக் கடல்ல தூக்கிப் போடுங்கன்னு ஏன் சொன்னாருன்னு இப்பத்தான் புரியுது. அவருக்கும் இந்தத் தலைசுத்தல்தான்" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"பேசாமப் படுங்க ஐயா. உங்களைப் போட்டுட்டா இந்த மூட்டையை யாரு தூக்குவா?" என்றேன்.

மூட்டைதான் விஷயம். அதற்குள் இருபத்துமூன்று கவுன்கள் இருந்தன. யாழ்ப்பாணத்தில் புத்தூர்ப் பக்கம் தாய் தகப்பன் இல்லாத பெண்பிள்ளைகளுக்காக ஒரு சபை நடத்தும் விடுதி இருக்கிறது. அங்கே இருந்த இருபத்துமூன்று பிள்ளைகளுக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் தைத்த கவுன்கள் அவை. எங்கள் ஊர் திருநெல்வேலிச் சீமையில் தேரிக்காட்டு ஓரம். செம்மணலும் பனையும் கோயில் மணியும் தவிர வேறு பெருமை சொல்ல ஒன்றும் கிடையாது. சபையில் முக்கால்வாசிப் பேர் பனையேறிப் பிழைப்பவர்கள்.

எல்லாம் ஒரு கடிதத்தில் ஆரம்பித்தது. முன்பு எங்கள் சபையில் போதகராக இருந்த ஐயர் ஒருவர் யாழ்ப்பாணம் போய் வந்து, அந்த விடுதி மேற்பார்வை பார்க்கும் இராசம்மா மிஸ்ஸிடம் ஒரு கடிதம் வாங்கி எங்களுக்கு அனுப்பியிருந்தார். அதைக் கோயிலில் ஞாயிறு ஆராதனையில் வாசித்தார்கள். பிள்ளைகளின் துணிக்கெல்லாம் மை கொண்டு நம்பர் போட்டிருப்பார்களாம், சலவையில் மாறாமல் இருக்க. பெரியவள் போட்டது சிறியவளுக்கு வரும். நம்பரும் கூடவே வரும். இதைக் கேட்டதும் பெண்கள் பக்கத்தில் மூக்குறிஞ்சும் சத்தம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்றேன். "ஒவ்வொரு பிள்ளைக்கும் அதுக்குன்னு அளவெடுத்த கவுன். நெஞ்சுல அதோட பேரு. சிவப்பு நூல்ல, சங்கிலித் தையல்ல" என்றேன். யாரும் மறுத்துப் பேசவில்லை. நான் எழுந்து நின்றால் எங்கள் ஊரில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

இராசம்மா மிஸ் அளவுகளை நூலில் அனுப்பினார். பிள்ளைக்கு ஒரு நூல், அதில் பேர் எழுதிய ஒரு சீட்டு. நூலின் நீளம் தோளிலிருந்து முழங்கால் வரை. நடுவில் ஒரு முடிச்சு, அது மார்பளவு. பேர்களைக் குலுக்கிப் போட்டு வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று எடுத்தார்கள். பூமணி என்ற பிள்ளை ஞானப்பூவுக்கு விழுந்தது.

ஞானப்பூ பனையேறியின் மனைவி. பதநீர்க் காலத்தில் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை அடுப்புக்கு முன்னால் இருப்பவள். அவள் கவுனைக் கொண்டுவந்து காட்டியபோது கீழ்மடிப்பு தடியாக இருந்தது. உள்ளே ஒரு சாண் துணி விட்டு மடித்திருக்கிறாள்.

"வளருத பிள்ளைலா டீச்சர்? நாளைக்குப் பிரிச்சி விட்டுக்கிடலாம்னு விட்டிருக்கேன்" என்றாள்.

"ஏட்டி, அந்தப் பிள்ளைகளுக்கு இதுவரைக்கும் வந்ததெல்லாம் தொளதொளன்னு மத்தவங்க சட்டைதான். நம்ம சட்டையாவது அளவா இருக்கட்டும். நூல் என்ன சொல்லுதோ அதுதான் அளவு. வெட்டு."

அவள் கத்தரிக்கோலை வாங்கவில்லை. நான் கையில் திணித்தேன். வெட்டினாள். மறுபடி மடித்து, சுருக்கம் வைத்து, கையால் தைத்து முடிக்க அவளுக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் அசனப் பண்டிகை, சபையார் எல்லாரும் சேர்ந்து பொங்கிச் சாப்பிடும் வருஷப் பண்டிகை, முடிந்துபோனது. எங்கள் சபையில் வெளியே போகிற காணிக்கை எதுவானாலும் அசனப் பண்டிகையில் பீடத்துக்கு முன் வைத்து ஜெபித்துவிட்டுத்தான் போகும். இருபத்திரண்டை வைத்து ஜெபிக்கலாமே என்று போதகர் மனைவி ஐயரம்மா கேட்டார்கள். இருபத்துமூன்றும் சேர்ந்துதான் பீடம் ஏறணும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அடுத்த வருஷப் பண்டிகைக்குத்தான் ஏறியது. அப்புறம் பாஸ்போர்ட் என்று ஒரு எட்டு மாதம். ஆக நூல் வந்து ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இதைக் கப்பலில் நான் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை.

கரையில் இறங்கியதும் சுங்க அதிகாரி மூட்டையைத் தட்டிப் பார்த்தார். அந்தக் காலத்தில் அங்கே துணி ரேஷன் கூப்பனுக்குத்தான் கிடைக்கும். அவர் சிங்களத்தில் பேசினார், எனக்குப் பின்னால் நின்ற வியாபாரி தமிழில் சொன்னார்: "இவ்வளவு துணி எதுக்கு, விக்கவான்னு கேக்கிறார் அம்மா."

நான் ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் கவுனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். "இருபத்துமூணு சட்டை, இருபத்துமூணு பேரு. பேர் போட்ட சட்டையை எவன் விலைக்கு வாங்குவான், கேளுங்க" என்றேன். அதிகாரி சிவப்பு எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஏதோ சொல்லிவிட்டுச் சிரித்தார். "உங்களுக்கு இருபத்துமூணு பேத்தியான்னு கேக்கிறார். தன் மகளுக்கும் ஒண்ணு தைச்சிருக்கலாமேன்னு சொல்றார்" என்றார் வியாபாரி. கொண்டு போகலாம் என்று மூட்டையில் சாக்கட்டியால் வெள்ளைக் கோடு விழுந்தது. பேர் போட்ட என் யோசனையை நானே மெச்சிக்கொண்டேன். உபதேசியாரும் மெச்ச வேண்டும் என்று எதிர்பார்த்தேன், அவர் தரை ஆடாமல் நிற்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

யாழ்ப்பாணத்துக்குள் ரயில் நுழைந்தது வியாழக்கிழமை காலை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பனை. இந்தப் பக்கம் பார்த்தேன், அங்கேயும் பனை. இராசம்மா மிஸ்ஸுக்கென்று நான் ஆசையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தது ஒரு ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி. "டீச்சர், இங்க இல்லாத பொருளாத்தான் கொண்டு வந்திருக்கோம்" என்றார் உபதேசியார் மெதுவாக. கப்பலில் நான் பேசியதற்கெல்லாம் சேர்த்து அவர் அன்று வட்டியோடு வாங்கிக்கொண்டார். நான் பெட்டியைக் காலுக்கடியில் தள்ளினேன்.

ஸ்டேஷனில் வாடகைக்கு ஒரு பழைய கார் பேசினோம். மூட்டையை மேலே வைத்துக் கட்டினார் டிரைவர். பட்டணம் தாண்டியதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது, மண் அப்படிச் சிவப்பு. ஆனால் எங்கள் தேரியில் முள்ளும் உடைமரமும்தான் வளரும். இங்கே அதே சிவப்பில் வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் வரிசை வரிசையாய் நிற்கின்றன. கிணறு இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. வேலியெல்லாம் பனையோலை, வேலிக்கு மேலே ஒருத்தருக்கொருத்தர் கதை பேசுகிறார்கள். பொறாமையாக இருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

இப்படிப் பார்த்துக்கொண்டே வந்ததில் கார் நின்றது தெரியவில்லை. முன்னாலிருந்து புகை. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்து, "தண்ணி குடிக்கக் கேக்குது" என்றார், மாட்டைச் சொல்வது மாதிரி. நாங்களும் இறங்கினோம். காரின் மேலே பார்த்தேன். கயிறு இருந்தது. மூட்டை இல்லை.

இரண்டு வருஷம், இருபத்துமூன்று வீடு, அத்தனை பெண்களின் கை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்த வழியே ஓடினேன். உபதேசியாரும் பின்னால் ஓடி வந்தார். ஒரு கல் தூரம் கூடப் போயிருக்க மாட்டோம், எதிரே ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் இழுத்து வந்த பெட்டி நிறைய வெங்காயச் சாக்கு. சாக்குகளுக்கு மேலே மாப்பிள்ளை மாதிரி எங்கள் மூட்டை.

ஓட்டி வந்தவர் நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார். நிறுத்தி, "உங்கடையோ? றோட்டிலை கிடந்தது. ஆருக்கு இது?" என்றார். சொன்னேன்.

"தாய் தேப்பன் இல்லாத பிள்ளையளுக்கோ? ஏறுங்கோ, ஏறுங்கோ. உந்தக் காரை நம்பினால் நீங்கள் நத்தாருக்குத்தான் போய்ச் சேருவியள்." நத்தார் என்றால் அங்கே கிறிஸ்துமஸ். அப்போது பங்குனி மாதம்.

அவர் பேர் கந்தையா, விடுதி இருக்கும் அதே ஊரில் தோட்டப் பயிர் செய்பவர். எல்லாரும் கந்தையா அண்ணை என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். வழியில் காரிலிருந்து எங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு, வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து ஒரு தையல் டீச்சரும் ஒரு உபதேசியாரும் விடுதி வாசலில் போய் இறங்கினோம். பிள்ளைகள் வரிசையாக நின்று பாட்டுப் பாட ஆரம்பித்து, எங்களைக் கண்டதும் சிரிப்பை அடக்க முடியாமல் பாட்டை விட்டுவிட்டார்கள்.

இராசம்மா மிஸ் நெடுநெடு என்று உயரம், மெல்லிய குரல். "வாங்கோ ரீச்சர், வாங்கோ. களைச்சுப்போனியள். முதல்லை தேத்தண்ணி குடியுங்கோ" என்றார். டீச்சர் என்பது அங்கே ரீச்சர். தேநீரில் சீனி இல்லை, சீனியும் கூப்பனுக்குத்தான். பக்கத்துத் தட்டில் ஆளுக்கொரு துண்டு பனங்கட்டி. கடித்துக்கொண்டே குடிக்க வேண்டும். கடித்தேன், எங்கள் ஊர்க் கருப்பட்டியேதான். அதற்கு மேல் மறைத்து வைக்க மனம் வரவில்லை, ஓலைப்பெட்டியை எடுத்து நீட்டினேன். மிஸ் திறந்து பார்த்து, "அட, எங்கடை பனங்கட்டி கடலுக்கு அந்தப் பக்கமும் இருக்கோ!" என்று வியந்தார். நல்ல மனுஷி.

மத்தியானம் புட்டும் மீன் குழம்பும் சொதியும் போட்டார்கள். சொதி என்பது தேங்காய்ப்பால் ரசம் என்று வைத்துக்கொள்ளலாம், எங்கள் வீட்டுப் பெண்கள் கேட்டால் அதெப்படி ரசமாகும் என்று சண்டைக்கு வருவார்கள். குழம்பின் உறைப்பு உபதேசியார் காது வழியாக வெளியே வந்தது. கடலில் விட்டதையெல்லாம் அவர் அன்று திரும்பப் பிடித்தார், மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை பொட்டலங்களைப் பிரித்தோம். பழைய சேலைத் துண்டில்தான் ஒவ்வொருத்தியும் தன் கவுனைச் சுற்றிக் கட்டியிருந்தாள். நல்ல தாளில் சுற்றச் சொல்லியிருக்கலாமே என்று எனக்குக் கொஞ்சம் கூச்சம். பிள்ளைகள் துணியைப் பார்க்கவேயில்லை. பேரைத்தான் பார்த்தார்கள். எழுத்துக் கூட்டி வாசித்தார்கள், ஒருத்தி பேரை மற்றவள் வாசித்தாள், விரலை வைத்து எழுத்தெழுத்தாகத் தடவினார்கள். என் தலை நிமிர்ந்தது. "போடுங்க பிள்ளைகளா, போட்டுட்டு வாங்க" என்றேன்.

போட்டுக்கொண்டு வந்தார்கள்.

முழங்கால் வரை வரவேண்டியது தொடை வரைதான் வந்தது. அக்குளில் பிடித்தது. நாலைந்து பேருக்குத் தலையே நுழையவில்லை. ஆறு வயதுக்குத் தைத்ததை எட்டு வயது போட்டால் என்ன ஆகும்? அந்த இரண்டு வருஷத்தில் விடுதியிலிருந்து ஒரு பிள்ளையும் போகவில்லை, புதிதாக யாரும் வரவுமில்லை. வளர்ந்தது மட்டும்தான் நடந்திருந்தது. முப்பது வருஷம் தையல் சொல்லிக் கொடுத்தவளுக்குப் பிள்ளை வளரும் என்று தெரியவில்லை.

மிஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேகமாகச் சமாளித்தார். "பரவாயில்லை ரீச்சர். பேரைப் பிரிச்சுப்போட்டு, பெரியாக்களின்ரையைச் சின்னாக்களுக்குக் குடுப்பம். முக்கால்வாசிப் பேருக்குக் காணும். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலை பிள்ளையள் பாடவேணும், ஊர்ச்சனம் எல்லாம் உங்கடை உடுப்பைப் பாக்கத்தான் வருகுது."

காணும் என்றால் அங்கே போதும் என்று அர்த்தம். நியாயமான யோசனை. வேறு வழியும் இல்லை; கூப்பன் இல்லாமல் ஒரு முழம் துணி வாங்க முடியாது. நான் பையிலிருந்து பிளேடை எடுத்தேன். முதலில் நின்றவள் பூமணி. பன்னிரண்டு வயது, மெலிந்த நெடுங்கழுத்து. கவுனைக் கழற்றித் தன் பழைய சட்டைக்கு மாறியிருந்தாள். அந்தச் சட்டையின் கழுத்தில் மையில் ஒன்பது என்று போட்டிருந்தது. கவுனை நெஞ்சோடு வைத்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தாள்.

"குடு கண்ணு" என்றேன்.

"நான் தரமாட்டன்."

"பூமணி, ரீச்சரோடை அப்பிடிக் கதைக்கிறதே?" என்றார் மிஸ்.

"எனக்குச் சட்டை காணாட்டிப் பரவாயில்லை மிஸ். நான் போடாமலே வைச்சிருப்பன். பேரைப் பிரிக்க வேண்டாம்." கவுனை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "எனக்கெண்டு இஞ்சை இருந்தது ஒன்பதாம் நம்பர் ஒண்டுதான். அதுவும் எனக்கு முந்தி வேறை ஆரோ அக்காவின்ரை நம்பர். இது ஒருத்தருக்கும் முந்தி எனக்கு வந்தது."

மற்றப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தேன். இருபத்திரண்டு பேரும் கவுனை அதே மாதிரி கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைக்குட்டி ஒருத்தி பேர் இருந்த இடத்தை மட்டும் வாயால் கவ்வியிருந்தாள், அங்கே பிளேடு வராது என்று நினைத்தாளோ என்னவோ. எனக்கு அழுகை வந்துவிட்டது. கோயிலில் எல்லாரும் அழுதபோது வராத அழுகை. பிளேடை மேசையில் வைத்துவிட்டு வெளியே கிணற்றடிக்குப் போய் நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பூமணி அங்கே வந்தாள். கோபம் தீர்ந்திருந்தது, ஆனால் கவுன் இன்னும் கையில்தான். "ரீச்சர், இதின்ரை பொக்கற்றுக்குள்ளை ஏதோ துணி கிடக்குது" என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். மடித்து மடித்துச் சின்னதாக்கி வைத்த துணி. பிரித்தால் ஒரு சாண் அகலத்தில் நீளப் பட்டி. அதே துணி, அதே பூ. நான் கத்தரிக்கோலைத் திணித்து வெட்ட வைத்த துணி. ஞானப்பூ அதை எறியவில்லை. அதன் ஓரத்தில் ஊசி ஒன்று குத்தியிருந்தது; ஒரு துண்டு ஓலையில் அதே நிற நூல் சுற்றி, அதையும் கூடவே வைத்திருந்தாள். என் கண் முன்னால் ஒரு வார்த்தை பேசாமல் வெட்டிவிட்டு, எனக்குத் தெரியாமல் எல்லாம் செய்திருக்கிறாள், கள்ளி!

கிணற்றடியில் நின்று அழுதுகொண்டே சிரித்தேன். பூமணி பயந்துபோனாள். "இது ஆர் வைச்சது ரீச்சர்?" என்று கேட்டாள்.

"உன் கவுனைத் தைச்சவ. ஞானப்பூன்னு பேரு. என்னைவிட விவரமானவ" என்றேன். வெளியே சொல்லிக் கேட்டபோது எனக்கே புதிதாக இருந்தது.

ஞானப்பூவின் பட்டி ஒரு கவுனுக்கு ஆயிற்று. மற்ற இருபத்திரண்டுக்கு? உள்ளே போனதும் தரையில் கிடந்தது கண்ணில் பட்டது: நான் கூச்சப்பட்ட அந்தப் பழைய சேலைத் துண்டுகள். ஒவ்வொரு கவுனுக்கும் ஒவ்வொன்று. சுங்குடி, கட்டம், பொடிப்பூ, வெளுத்த பச்சை. ஒன்றை உதறி விரித்தேன். கீழே ஒரு பட்டி வைக்கலாம், அக்குளுக்குக் கீழே ஒரு ஒட்டுத்துண்டு வைக்கலாம், கழுத்தைக் கொஞ்சம் வெட்டி ஓரம் கட்டலாம். பேர் இருந்த இடத்தில் இருக்கும்.

"மிஸ், இங்க தையல் மிஷின் எத்தனை?" என்றேன்.

"கைமெசின் ஒண்டு. அதுவும் இடைக்கிடை நிண்டு போகும்."

சனிக்கிழமை விடிந்ததும் உபதேசியார் கந்தையா அண்ணை வீட்டைத் தேடிப் போனார். திரும்பி டிராக்டரில் வந்தார். பெட்டியில் இந்தத் தடவை வெங்காயம் இல்லை. வைக்கோல் பரப்பி அதன் மேல் கால்மிதி மிஷின் ஒன்று, அதைப் பிடித்துக்கொண்டு கந்தையா அண்ணையின் மனைவி.

"மகளின்ரை சீதனத்துக்கு வாங்கி வைச்சது. இன்னும் உறை கழட்டேல்லை" என்றார் அந்த அம்மா. "முதல் தையல் பிள்ளையளின்ரை உடுப்பாய் இருக்கட்டும். நல்லதுதானே?"

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். "என்ன ரீச்சர், உதுக்கெல்லாம் கும்பிடுவினமே? கெதியாத் தொடங்குங்கோ" என்றார் கந்தையா அண்ணை.

அன்றைக்கு நடந்த வேலையை என் வகுப்பில் எந்தப் பெண்ணும் செய்து நான் பார்த்ததில்லை. நான் வெட்டினேன். மிஸ் கைமிஷினில், அந்த அம்மா கால்மிதியில். பெரிய பிள்ளைகள் ஓரம் மடித்துக் கையால் தைத்தார்கள், சிறியவர்கள் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தார்கள். உபதேசியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியில் ஒவ்வொன்றாகத் தேய்த்தார். நான் ஒரு பிள்ளையை நிறுத்தி நூல் பிடித்தபோது, பெட்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"டீச்சர், நூல் என்ன சொல்லுதோ அதுதான் அளவு, இல்லையா?"

"கீழே ரெண்டு சாண் உள்ள விட்டு மடிக்கப் போறேன். உங்களுக்கு என்ன வந்துச்சு? தேய்ங்க" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் கரிப்பெட்டியிலிருந்து பொறி பறந்தது. பொழுது சாய்வதற்குள் இருபத்துமூன்றும் கொடியில் தொங்கின.

பூமணியின் பட்டியை மட்டும் நான் யாரிடமும் கொடுக்கவில்லை. ஞானப்பூ வைத்த ஊசியால், ஞானப்பூ வைத்த நூலால், கையாலேயே தைத்தேன். அவள் தையலை விட என் தையல் நேராகத்தான் இருந்தது, அதில் பொய்யில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் பிள்ளைகள் நடந்து போனதை நான் வேண்டுமென்றே பின்னால் நின்று பார்த்தேன். மேலே புதுத் துணி, கீழே எங்கள் ஊர்ச் சேலை. ஒவ்வொரு பட்டியிலும் ஒரு முகம் எனக்குத் தெரிந்தது. அந்தச் சுங்குடியைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனவளைத் தெரியும், அந்தப் பொடிப்பூவில் ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைச் சுமந்து வந்தவளைத் தெரியும். பிள்ளைகள் பாடி முடித்ததும் பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மா என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "கீழை வேறை துணி வைச்சுத் தைக்கிறது, உது இப்ப இந்தியாவிலை புது மோஸ்தரோ?"

"ஓம்" என்றேன், கண் இமைக்காமல். மூன்று நாளில் எனக்கு அந்த ஊர்ப் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

வெளியே கந்தையா அண்ணையும் மனைவியும் மதில் ஓரம் நின்றிருந்தார்கள். தங்கள் மிஷின் தைத்ததைப் பார்க்க வந்தார்களாம். "வடிவாக் கிடக்கு" என்றார் அந்த அம்மா, பிள்ளைகள் ஒவ்வொருத்தியும் தாண்டிப் போகும்போதும்.

திங்கட்கிழமை நாங்கள் கிளம்பும் நாள். மிஸ் புதிதாக அளவெடுத்தார், பழையபடி நூலில்; மார்பளவை மட்டும் இந்தத் தடவை பேர்ச்சீட்டில் எழுதினார். ஒவ்வொரு நூலையும் நானே பேர்ச்சீட்டு கட்டி வாங்கி வைத்தேன். பூமணி தன் நூலை உடனே எனக்குத் தரவில்லை. தரையில் உட்கார்ந்து, நுனியில் அளவு முடிந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள். பிறகு நூல்கண்டிலிருந்து இன்னும் கொஞ்சம் இழுத்து, தன் கையை விரித்து ஒரு சாண் வைத்து, அங்கே இன்னொரு முடிச்சுப் போட்டு அறுத்தாள்.

"முதல் முடிச்சு இப்பத்தைய அளவு. மற்றது நீங்கள் கொண்டு வாற நேரத்து அளவு" என்றாள். கேலியா, அக்கறையா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். கட்டிப் பிடித்து முத்தமிட்டேன். அவளும் என்னைப் பிடித்த பிடி, கவுனைப் பிடித்த அதே பிடி.

திரும்பும்போது கடல் சும்மா இருந்தது. உபதேசியார் உட்கார்ந்தே வந்தார், மிஸ் கட்டிக் கொடுத்த புட்டை முழுவதும் அவரே சாப்பிட்டார். நான்தான் ஒன்றும் சாப்பிடவில்லை. எனக்கு ஊரில் ஒரு வேலை இருந்தது. முப்பது வருஷத்தில் நான் யாரிடமும் செய்யாத வேலை.

வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே ஞானப்பூவின் பனைவிளைக்குப் போனேன். பதநீர்க் காலம், அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அவள் அகப்பையோடு புகைக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். பக்கத்து அடுப்புப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"ஞானப்பூ, அளவு பத்தல. ஒருத்திக்கும் பத்தல. உன்னை வெட்டச் சொன்னது என் தப்பு. நீ சொன்னதுதான் சரி."

அவள் முகத்தில் சந்தோஷமோ ஜெயித்த பெருமையோ ஒன்றும் வரவில்லை. பதறிப்போய், "பட்டி வச்சிருந்தேனே டீச்சர், அது பத்துச்சா?" என்று கேட்டாள்.

"பத்துச்சு. நான்தான் தைச்சேன். உன் ஊசியை வச்சு."

பையிலிருந்து பூமணியின் நூலை எடுத்துக் கொடுத்தேன். ஞானப்பூ கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விரலால் உருவிக்கொண்டே போனாள். முதல் முடிச்சில் நின்றாள். இரண்டாவது முடிச்சில் நின்றாள். அது என்ன என்று நான் சொல்லும் முன்பே புரிந்துகொண்டு சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தபடியே, அந்த இரண்டாவது முடிச்சுக்கு அப்புறமும் தன் கையை விரித்து ஒரு சாண் வைத்துக் காட்டினாள்.

"இதுவரைக்கும் விட்டுத்தான் வெட்டப் போறேன் டீச்சர்."

"வெட்டு" என்றேன்.